நிறுவனர் நேரமும் ஒற்றை நுழைவும்

“பீரோ ஒங்க முதுகுக்குப் பின்னால நிக்குது. சாவி ஒங்க இடுப்புல தொங்குது. உள்ள கெடக்கது எம் பேரு போட்ட சர்டிபிகேட்டு. இடையில கம்ப்யூட்டருக்கு என்ன சார் வேலை?”

“கத்தாதம்மா. கத்துனா பச்சை விழுந்துருமா?”

“ஒம்போது நாளா மெதுவாத்தான் கேட்டேன். அப்பவும் விழலையே!”

“போர்ட்டல்ல பச்சை விழாம பீரோவத் தொறந்தா என் வேலை போயிரும்.”

“தொறக்கலேன்னா என் வேலை போயிரும். ஒங்களுக்காவது அனுபவிச்ச வேலை. எனக்கு இன்னும் கையெழுத்தே போடாத வேலை.”

திங்கட்கிழமை காலை பதினொரு மணி. ஸ்ரீவில்லிபுத்தூரில் குணசீலர் கல்விக் குழுமத்தின் தலைமை அலுவலகம் மாடியில் இருக்கிறது. கீழே பால்கோவாக் கடை. கால் கிலோ வாங்க வந்தவர்கள் அரைக் கிலோவாக மாற்றிச் சொல்லிவிட்டு, கட்டித் தருகிற நேரமெல்லாம் அண்ணாந்து நின்று கேட்டார்கள். கத்தியவள் முனீஸ்வரி. வயது இருபத்தொன்பது, ஏழு வருஷமாக அங்கே எழுத்தர். கத்தாதே என்றவர் கண்காணிப்பாளர் பொன்னுராஜ். ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம். கேட்டால் நாள் கணக்காகவும் சொல்லுவார்.

குணசீலர் குழுமத்தில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாளே அவருடைய அசல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துவிடுவார்கள். ராஜபாளையத்தில் பாலிடெக்னிக், ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் கல்லூரி, தளவாய்புரத்தில் பள்ளிக்கூடம் என்று எல்லாமாகச் சேர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேருடைய பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பட்டமும் சாதியும் அந்த ஒரு பீரோவுக்குள் இருந்தன. ஏன் என்றால் “பாதுகாப்புக்கு” என்பார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டவர்கள் சிலர் இப்போது அங்கே வேலையில் இல்லை. அவர்களுடைய சான்றிதழ்கள் மட்டும் இன்னும் பாதுகாப்பாக இருப்பதாகப் பேச்சு.

முனீஸ்வரிக்கு அரசு வேலை கிடைத்திருந்தது. நீலகிரிக் கூடலூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். நான்கு வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்து எழுதிய பரீட்சை. கலந்தாய்வுக்குச் சென்னை போனபோது குழுமம் அவளுக்கு அசல் சான்றிதழ்களை ஒருநாள் இரவல் கொடுத்தது. துணைக்குப் பொன்னுராஜும் கூடவே போனார். அவளுக்குத் துணையாக அல்ல, சான்றிதழுக்கு. அவர் டிக்கெட்டையும் இரண்டு வேளை தோசையையும் முனீஸ்வரிதான் வாங்கிக் கொடுத்தாள். சரிபார்ப்பு மேசையில் அதிகாரி காகிதத்தைத் திருப்பித் தந்தபோது நடுவில் கை நீட்டி வாங்கிக்கொண்டவர் பொன்னுராஜ். “அப்பாவா?” என்று அதிகாரி கேட்டாராம். “இல்ல சார், எங்க ஆபீஸ்” என்றாளாம் இவள்.

இப்போது நியமன ஆணை வந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை மாலைக்குள் அசல் சான்றிதழ்களோடு கூடலூரில் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். விதி என்னவென்றால், விலகுகிறவர் போர்ட்டலில் விண்ணப்பிக்க வேண்டும். தாளாளர் அங்கேயே ஒப்புதல் தர வேண்டும். திரையில் பச்சை விளக்கு விழ வேண்டும். அதன் பிறகே பீரோ திறக்கும். அந்தப் போர்ட்டல்தான் ஒன்பது நாளாக யாருக்கும் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்றால் அதை முன்னேற்றிவிட்டார்கள்.

போர்ட்டல் என்பது எங்கோ ஒரு கம்பெனிக்காரன் கிளவுடில் வைத்து வாடகைக்கு விடுகிற செயலி. வருகை, விடுப்பு, மதிப்பெண், ஒப்புதல் எல்லாம் அதற்குள்ளேதான். ஒவ்வோர் அதிகாரிக்கும் தனித்தனிக் கடவுச்சொல். நாற்பத்தாறு அதிகாரிகள், நாற்பத்தாறு கடவுச்சொல். அவற்றில் ஒன்றைக்கூட எந்த அதிகாரியும் தன் கையால் அடித்ததில்லை. எல்லாம் முனீஸ்வரியின் இருநூறு பக்க நோட்டில் இருந்தன. முதல்வர் அழகுராஜா பாலிடெக்னிக்கிலிருந்து போன் போட்டு, “முனீஸு, எனக்கு லீவு போட்டுரு, போட்ட கையோட தாளாளர் ஒப்புதலும் குடுத்துரு” என்பார். இவள் அவராக நுழைந்து விடுப்புக் கேட்டு, தாளாளராக நுழைந்து விடுப்புக் கொடுத்து, தானாக நுழைந்து அதைக் கோப்பில் சேர்ப்பாள். குழுமத்தில் ஒற்றை நுழைவு ஏற்கெனவே இருந்தது. அதற்குச் சம்பளம் பதினோராயிரம்.

இது தெரியாமல் ஒற்றை நுழைவு கொண்டுவந்தவர் வைகுண்டராஜ். தாளாளர் ராஜரத்தினத்தின் மனைவிக்குத் தம்பி. பெங்களூரில் ஒன்றரை வருஷம் இருந்தார். என்ன வேலை என்று அக்காவுக்கே சரியாகத் தெரியாது. திரும்பி வந்ததும் ‘எண்ம (டிஜிட்டல்) மாற்றத் தலைமை அலுவலர்’ என்று ஒரு பதவியை உண்டாக்கி உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவர் மூன்றாம் மாதம் ஒற்றை நுழைவை அறிவித்தார். காலையில் ஒருமுறை குழுமத்தின் சொந்தக் கணினியில் பேரைப் பதிந்தால் போதும். அந்தக் கணினி ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கும். அதைப் பார்த்து கிளவுடு போர்ட்டல் கதவைத் திறக்கும். சீட்டு ஐந்து நிமிஷம் செல்லும். கடவுச்சொல் வேண்டாம், நோட்டு வேண்டாம், முனீஸ்வரி வேண்டாம்.

கம்பெனிக்காரப் பெண் போனில் தன்மையாகத்தான் சொன்னாள்: முதலில் ஐந்து பேரை மட்டும் வைத்து ஒரு வாரம் சோதியுங்கள், பழைய கடவுச்சொல் வழியைத் திறந்தே வையுங்கள் என்று. “ஏம்மா, கல்யாணத்த அஞ்சு பேருக்கு மட்டும் நடத்திப் பாக்கவா முடியும்?” என்று கேட்டுவிட்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கட்டாயம் என்ற கட்டத்தில் வைகுண்டராஜ் டிக் அடித்தார். பழைய வழியை மூடு என்ற கட்டத்திலும் அடித்தார். அவருக்கு டிக் அடிப்பது பிடிக்கும்.

திறப்பு விழாவுக்கு ‘கடவுச்சொல் விடுதலை விழா’ என்று பேர். பெண்கள் கல்லூரி அரங்கம், வாழைமரம், நாதஸ்வரம். வைகுண்டராஜ் பேசினார்:

“இந்த நாலு வருஷத்துல நம்ம அதிகாரிகள் ஒருத்தர்கூட சொந்தக் கையால போர்ட்டலுக்குள்ள நுழைஞ்சதில்லங்கிறது வெக்கக்கேடு. நானும்தான் நுழையல. நுழையாமலே அதுக்குத் தலைமை அலுவலரா இருந்தேன். யாருக்காவது தெரிஞ்சுதா? தெரியல. அப்படின்னா நம்ம பாதுகாப்பு எம்புட்டு மோசம்னு பாருங்க!”

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. பிறகு முனீஸ்வரியை மேடைக்கு அழைத்து நோட்டை வாங்கினார்கள். வெண்கலத் தட்டில் வைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள். உள்தாள் எரிந்து அட்டை எரியாமல் அடம்பிடித்தது. பொன்னுராஜ் அதைக் கீழே போட்டு மிதித்தார். முனீஸ்வரிக்கு ஒரு சால்வையும், இனிமேல் எந்த அதிகாரியின் கணினியையும் தொடக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கையும் ஒரே தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அடுத்து தாளாளர் முதல் நுழைவைத் தொடங்கிவைத்தார். சுண்டுவிரலால் பொத்தானைத் தொட்டார். திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது: உங்கள் சீட்டு இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை.

“என்ன மாப்ளே சொல்லுது?”

“தொடங்கிருச்சுங்குது அத்தான்.”

நாதஸ்வரக்காரர்கள் கெட்டிமேளம் கொட்டினார்கள். மறுநாள் பேப்பரில் படம் வந்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான். யார் எப்போது தொட்டாலும் அதே வரி. முதல் இரண்டு நாள் இன்டர்நெட்டைக் குற்றம் சொன்னார்கள். மூன்றாம் நாள் மலையில் மழை என்றார்கள். ஐந்தாம் நாள் வைகுண்டராஜ் நாற்பது புது கீபோர்டு வாங்கினார். ஏழாம் நாள் போர்ட்டல் தானாகவே கணக்குப் பார்த்து, ஒருவர்கூட வருகை பதியவில்லை என்று கண்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மின்னஞ்சலில் மெமோ அனுப்பியது: தகவலின்றிப் பணிக்கு வராததற்கு மூன்று நாளில் விளக்கம் தேவை; விளக்கத்தைப் போர்ட்டலில் மட்டுமே பதிய வேண்டும். தாளாளருக்கும் ஒன்று போனது. அவர் கோபப்பட்டு, மெமோ அனுப்பியவன் யார் என்று விசாரித்தார். கையெழுத்து அவருடையதாகவே இருந்தது.

திங்கட்கிழமை சண்டை போட்ட களைப்போடு முனீஸ்வரி ராஜபாளையம் வந்து சேர்ந்தபோது, அம்மா வெள்ளைத்தாய் பேண்டேஜ் துணித் தறியிலிருந்து வந்து அப்போதுதான் கால் நீட்டியிருந்தாள்.

“குடுத்தானுவளா?”

“இல்லம்மா.”

“ஏட்டி, தெரியாமத்தான் கேக்கேன். நீ அங்க வேலைக்குப் போனியா, ஒன்னைய அடகு வச்சுட்டு வந்தியா? அடகு வச்ச நகையக்கூட வட்டி கட்டினா திருப்பித் தாரானே!”

முனீஸ்வரி பெட்டி ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள். கூடலூரில் குளிரும் என்று வாங்கிய ஸ்வெட்டர், அடியில் மடித்துக் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை தாளாளர் அறையில் அவசரக் கூட்டம். காரணம் முனீஸ்வரி இல்லை. புதன்கிழமை தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. மூன்று பேர், சென்னையிலிருந்து. அவர்களுக்குக் காட்ட வேண்டிய அத்தனை ஆவணமும் போர்ட்டலுக்குள். கூட்டத்துக்குத் தாளாளர், வைகுண்டராஜ், முதல்வர் அழகுராஜா, பொன்னுராஜ் வந்தார்கள். நடவடிக்கைக் குறிப்பைக் கையால் எழுத முனீஸ்வரியைக் கூப்பிட்டார்கள். பாலிடெக்னிக் கணினி மையத்திலிருந்து ஜெபக்குமாரையும் வரவழைத்திருந்தார்கள். ஜெபக்குமார் அங்கே டெக்னீஷியன். கேட்டால் மட்டும் பேசுகிறவன். இதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

“கோளாறு டைம்ல இருக்கு ஐயா,” என்றான். “நம்ம கம்ப்யூட்டர் பத்து நிமிசம் வேகமா ஓடுது. இப்போ பதினொண்ணு. நம்ம மெஷின் ‘பதினொண்ணு பத்துல இருந்து பதினொண்ணே கால் வரைக்கும் செல்லும்’னு சீட்டு எழுதுது. கிளவுடுக்காரன் மணியப் பாக்கான். நாளைக்குத் தேதி போட்ட பஸ் பாஸை இன்னைக்குக் கண்டக்டர்கிட்ட நீட்டுன மாதிரி. ஏத்த மாட்டான். பழைய கடவுச்சொல்லுக்குச் சீட்டு கெடையாது. அதனால அப்ப தெரியல. பத்து நிமிசத்தக் கொறைச்சா இந்நேரமே தெறந்துரும். ரெண்டு நிமிச வேலை.”

முனீஸ்வரி பேனாவை மூடிவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் அறையில் ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் சுவரில் இருந்த நிறுவனர் குணசீலர் படத்தைப் பார்த்தார்கள். பிள்ளைகள் தாமதமாக வரக்கூடாது என்று அறுபது வருஷத்துக்கு முன் அவர்தான் குழுமத்தின் கடிகாரங்களைப் பத்து நிமிஷம் முன்னே தள்ளி வைத்தார். அன்றிலிருந்து மணி, சங்கு, பரீட்சை எல்லாம் அந்தக் கணக்கில். அதற்கு ‘நிறுவனர் நேரம்’ என்று பேர். கணினி வந்தபோது அவற்றையும் அதே நேரத்துக்கு வைத்து, தானாகத் திருத்திக்கொள்ளாதபடி பூட்டினார்கள். சுற்றறிக்கை எண் நாற்பத்தொன்று.

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, நீ கிறிஸ்தவப் பையன், ஒனக்கு நம்ம குழுமத்தோட பக்தி புரியாது. அவிய போட்ட நேரம் இது. இந்த அறுபது வருஷத்துல நம்ம குழுமம் எதுலயாவது முந்தியிருக்குன்னா இந்தப் பத்து நிமிஷத்துலதான். வேற எதுலயும் முந்தல, எனக்குத் தெரியும். அதையும் விட்டுக் குடுக்கச் சொல்லுதியா?”

“கிளவுடுக்காரனை நம்ம நேரத்துக்கு வரச் சொல்லுவோம் அத்தான்,” என்றார் வைகுண்டராஜ்.

இது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. தீர்மானம் எழுதச் சொன்னார்கள். முனீஸ்வரி எழுதினாள்: ‘மேகக் கணிமை நிறுவனம் தனது கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே நகர்த்தி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. இதனால் ஏற்படும் பெருமையில் அந்நிறுவனத்துக்கும் பங்குண்டு.’ உடனே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்கள். கம்பெனிக்காரப் பெண் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“சார், இதே கிளவுடுல ஆயிரத்து நானூறு வாடிக்கையாளர் இருக்காங்க.”

“அவங்களும் பத்து நிமிஷம் முன்னால வந்தா அவங்களுக்குத்தானம்மா நல்லது?” என்றார் தாளாளர். உண்மையிலேயே அவளுடைய நன்மைக்குத்தான் கேட்டார்.

“அஞ்சு நிமிஷம் வரைக்கும் வேணும்னா விட்டுக் குடுக்கலாம் சார். அதுக்கு மேல எங்க விதியில இடமில்ல.”

அப்படியானால் ஐந்து நீங்கள், ஐந்து நாங்கள் என்று முதல்வர் சமரசம் சொன்னார். நிறுவனரைப் பாதி நிமிஷம்கூடக் குறைக்க முடியாது என்று பொன்னுராஜ் கண்ணீர் விட்டார். கடைசியில் நிறுவனரையே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. படத்துக்கு முன்னால் பூக் கட்டிப் போட்டார்கள்: வெள்ளைப் பூ வந்தால் நேரத்தைத் திருத்தலாம், சிவப்புப் பூ வந்தால் கூடாது. இரண்டு பொட்டலத்தையும் குலுக்கிப் பொன்னுராஜை எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வந்தது.

முனீஸ்வரி கையை உயர்த்தினாள். “ஐயா, நாளன்னிக்குக் காலைல நான் பஸ் ஏறணும். நேரம் எப்படியும் போகட்டும். எனக்கு மட்டும் பீரோவத் தொறந்து…”

“ஏம்மா, குழுமமே நெருக்கடியில இருக்கு. நீ ஒன் சொந்த விசயத்த இப்பவா பேசுவ?” என்றார் தாளாளர். “சுயநலம் எங்க போய் முடியும்னு ஒரு பேச்சுப் போட்டி வச்சோமே, நீ கேக்கலையா?”

அதையும் அவள் குறிப்பில் எழுதிக்கொண்டாள்.

மாடிப்படி இறங்கும்போது ஜெபக்குமார் தாழ்ந்த குரலில், “சர்வர் ரூம் சாவி என்கிட்ட இல்லக்கா. இருந்தா ராத்திரியோட ராத்திரியா மாத்திருவேன்,” என்றான்.

“ஒனக்கும் சர்டிபிகேட்டு உள்ளதான இருக்கு? சும்மா இரு,” என்றாள் முனீஸ்வரி.

புதன்கிழமை மதிப்பீட்டுக் குழு சொன்ன நேரத்துக்கு வந்தது. நிறுவனர் நேரப்படி பத்து நிமிஷம் தாமதம் என்பதால் தாளாளர் கொஞ்சம் முகம் சுளித்தே மாலை போட்டார். பால்கோவா, முந்திரி, காப்பி. மூன்று பேரில் தலைவியாக வந்த அம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு, “போர்ட்டலைக் காட்டுங்களேன்,” என்றார்.

சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம் விழுந்தது. வைகுண்டராஜ் தொட்டார். சீட்டு இன்னும் தொடங்கவில்லை என்றது சுவர்.

“இது பாதுகாப்பு மேடம். எங்களையே உள்ள விடாத அளவுக்குப் பாதுகாப்பு. வேற எந்தக் காலேஜ்லயும் இதப் பாக்க முடியாது.”

“நாங்களும் இதுவரைக்கும் பார்த்ததில்லை,” என்றார் அந்த அம்மாள். “மத்தியானம் மூன்று மணிக்குள்ளே ஆவணம் வரலேன்னா, இல்லைன்னு எழுதிக்கிறோம்.”

மறுபடியும் கம்பெனிக்கு போன். இந்தத் தடவை தாளாளரின் குரலில் பெருமை எதுவும் இல்லை. அந்தப் பெண் சொன்னாள்: “ஒற்றை நுழைவையே நிறுத்திட்டுப் பழைய வழிக்குப் போகலாம் சார். அதுக்குன்னு ஓர் அவசரக் கணக்கு உண்டு. அதுக்குச் சீட்டு வேண்டாம், கடவுச்சொல் போதும். அமைச்ச அன்னைக்கே உங்க வைகுண்டராஜ் சார் போட்டிருக்காங்க. ஆனா உரிமையாளரே அடிக்கணும். அவர் மொபைலுக்கு ஓர் எண் வரும்.”

எல்லோரும் வைகுண்டராஜைப் பார்த்தார்கள்.

“எனக்கு ஞாபகமில்லை. நோட்டுல எழுதிவைக்கச் சொன்னேனே…” என்று இழுத்தார். நோட்டை எந்தத் தட்டில் வைத்து எரித்தார்களோ, அதே தட்டில்தான் விருந்தாளிகளுக்கு அன்று முந்திரி வைத்திருந்தார்கள்.

“முனீஸ்வரி!” என்றார் தாளாளர்.

முனீஸ்வரி காப்பித் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிதானமாகக் கையைத் துடைத்துவிட்டு வந்து நின்றாள்.

“ஞாபகம் இருக்காம்மா ஒனக்கு?”

“இருக்கும் ஐயா. சட்டுனு வரமாட்டேங்குது.”

“செத்த யோசி.”

“யோசிக்கத்தான் செய்றேன். மனசு நிலையா இல்ல. வேலைக்கே வரலேன்னு மெமோ வந்திருக்கு. வராத ஆளுக்கு என்னத்த ஞாபகம் இருக்கும்? என் சர்டிபிகேட்டு அஞ்சும் கைக்கு வந்துருச்சுன்னா பொறவு ஒருவேளை வரும்.”

“இது மிரட்டல்!” என்றார் வைகுண்டராஜ்.

“இல்ல சார். பாதுகாப்பு.”

மதிப்பீட்டுக் குழுவின் தலைவி மெதுவாகத் திரும்பி, “அசல் சான்றிதழா? இங்கேயா வைச்சிருக்கீங்க?” என்று கேட்டார். தாளாளர் பொன்னுராஜின் பக்கம் கையை வீசினார்.

“பச்சை விழலையே ஐயா,” என்றார் பொன்னுராஜ்.

“பச்சையாவது மண்ணாங்கட்டியாவது! தொறய்யா!”

பீரோ திறக்க ஏழெட்டு நொடி ஆனது. பதினோரு நாளாக ஆகாத வேலை. முனீஸ்வரி ஒவ்வொன்றாக எண்ணினாள், பேரைப் படித்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “விடுவிப்புக் கடுதாசியும் வேணும். லெட்டர்பேடுல கையால எழுதி, சீல் வச்சு.” எழுதினார்கள். வைத்தார்கள். எல்லாவற்றையும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“இப்ப வந்துருச்சு ஐயா.”

“வந்து அடி.”

“நான் தொடக்கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு. நான் சொல்லுதேன், நீங்க அடிங்க.”

தாளாளர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். வைகுண்டராஜுக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. அந்தக் கணக்கைப் போட்ட அன்று அவருக்கும் அத்தானுக்கும் புதுக் கார் விஷயத்தில் பெரிய மனஸ்தாபம், கோபத்தில் வாயில் வந்ததைக் கடவுச்சொல்லாகப் போட்டு, “எழுதிக்கோம்மா, யார் பாக்கப் போறா?” என்று சொல்லியிருந்தார். அப்பேர்ப்பட்ட கடவுச்சொல்லை முனீஸ்வரி எழுதி வைத்திருக்கவே வேண்டியதில்லை.

“புரொஜெக்டர் சூடாயிருச்சு, அமத்திருவோம்,” என்று எழுந்தார்.

“உக்காரு மாப்ளே. சொல்லும்மா.”

“ஏ. டி. ஹெச். ஏ. என்.”

ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லித் தேடி அடித்தார் தாளாளர். திரையில் புள்ளி புள்ளியாக வந்தது. “நான் அடிக்கிறது சரியான்னு எனக்கே தெரியலையே. எழுத்தாக் காட்டாதா?” என்றார். பக்கத்தில் இருந்த கண் படத்தைத் தொட்டால் தெரியும் ஐயா என்று, புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்ள நின்றிருந்த ஜெபக்குமார் பணிவாகச் சொன்னான். தொட்டார்.

“ஓ. ஆர். யு,” என்றாள் முனீஸ்வரி. “எம். ஏ. ஆர். ஏ. எம். ஏ. என். டி. ஏ. ஐ. அம்புட்டுத்தான். கடைசில நாநூத்தி இருபது.”

தாளாளர் அடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். சுவர் முழுக்க, ஆள் உயர எழுத்தில், ‘அத்தான் ஒரு மரமண்டை 420’ என்று நின்றது. இங்கிலீஷ் எழுத்துதான், ஆனாலும் வாசிக்க யாருக்கும் சிரமமாக இல்லை. முதல்வர் அழகுராஜா இருமினார். மதிப்பீட்டுக் குழுவில் ஒருவர், பழக்கத்தில், அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மொபைலில் எண் வந்தது. போர்ட்டல் திறந்தது. ஒற்றை நுழைவு நின்றது. பழைய வழி திறந்துகொண்டது. ‘உங்கள் கடவுச்சொல்லை இடவும்’ என்று நாற்பத்தாறு அதிகாரிகளின் திரையிலும் வரி வந்தது. நாற்பத்தாறு பேருக்கும் தங்கள் கடவுச்சொல் தெரியாது. முனீஸ்வரியைத் தேடி ஆள் ஓடியபோது அவள் மடவார்வளாகம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் பையைக் கட்டிக்கொண்டு நின்றே வந்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மூன்று மணிக்கு மதிப்பீட்டுக் குழு ஆவணம் இல்லை என்று எழுதிக்கொண்டது. அசல் சான்றிதழ் பற்றியும் ஒரு பக்கம் எழுதியதாம். குழுமம் அதற்கு விளக்கம் தயாரிக்க ஓர் உபகுழு போட்டிருக்கிறது.

அப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரியும். வைகுண்டராஜ் அந்த மாதமே குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டார். அக்கா மட்டும் தம்பிக்கு போன் பேசுகிறாள், அதுவும் மாடியில் நின்று. ஜெபக்குமாருக்கும் முனீஸ்வரிக்கும் ஏதோ இருக்கிறது என்று பாலிடெக்னிக்கே முடிவு கட்டியிருந்தது. அப்படி ஒன்றும் இல்லை. அவன் தளவாய்புரத்து டீச்சர் பொண்ணு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போனான். சான்றிதழ் இல்லாமல் வேலை தருகிற இடமாகப் பார்த்துத்தான் போனான். பொன்னுராஜ் ஓய்வுபெற்று ஆலங்குளத்தில் மகன் வீட்டில் இருக்கிறார்.

முனீஸ்வரி வெள்ளிக்கிழமை மத்தியானமே கூடலூரில் சேர்ந்துவிட்டாள். வட்டாட்சியர் அசலை இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, நகலில் கையெழுத்துப் போட்டு, அசலைத் திருப்பிக் கொடுத்தாராம். கையை நீட்டவே தோன்றாமல் நின்றாளாம். போன தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பந்தலூரில் மின்வாரியத்தில் இருக்கிறார், நல்ல மாதிரியாம். வெள்ளைத்தாயும் தறியை விட்டுவிட்டு மகளோடு மலையேறிவிட்டாள். கல்யாணம் முடிந்த மறுவாரம் மாமியார்க்காரி பிரியமாகக் கூப்பிட்டு, “நகை, சர்டிபிகேட்டெல்லாம் நம்ம பீரோவுலயே வச்சுக்கலாம்மா, பத்திரமா இருக்கும்,” என்றாளாம்.

முனீஸ்வரி நகையை மட்டும் கழற்றிக் கொடுத்தாளாம்.